விமானத்தின் வயிற்றுக்குள் செல்லும் பெட்டிகள்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தவர்கள், விமானம் புறப்படும் முன் வெளியே பார்த்திருந்தால் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். சிறிய இழுவை வண்டியொன்றின் பின்னால், புகையிரதப் பெட்டிகளைப் போல, வெள்ளி நிறப் பெட்டிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்துக் கீழ்மூலை சரிவாக வெட்டப்பட்டிருக்கும். பெட்டி என்றால் சதுரமாக இருக்க வேண்டாமா? எங்கோ இடிபட்டு நசுங்கிவிட்டதோ என்றுகூட எண்ணத் தோன்றும்.

நசுங்கவில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். விமானத்தின் உடல் உருளை வடிவானது. நாம் அமரும் தளத்துக்குக் கீழே எஞ்சியிருப்பது கிண்ணம் போல வளைந்த ஓர் இடம். சதுரப் பெட்டி அந்த வளைவில் முட்டும். சிறிதாகச் செய்தால் இடம் வீணாகும். ஆகவே வளைவுக்கு ஏற்ப மூலையைச் சரித்தார்கள். இரண்டு பெட்டிகளை அருகருகே, சரிந்த பக்கங்கள் வெளியே பார்க்குமாறு வைத்தால் கிண்ணம் நிறைந்துவிடும்.

இவற்றுள் மிகப் பரவலாகப் பயன்படுவது எல்.டி.3 எனப்படும் கொள்கலன். அடிப்பகுதி 156 சென்ரிமீற்றருக்கு 153 சென்ரிமீற்றர். உயரம் 163 சென்ரிமீற்றர். மேற்பகுதி அகலம் 201 சென்ரிமீற்றர். அலுமினியத்தால் ஆனதால் வெறும் பெட்டியின் எடை 100 கிலோகிராமுக்கும் குறைவு. ஆனால் சரக்குடன் சேர்த்து 1,588 கிலோகிராம் வரை தாங்கும். எயார்பஸ் ஏ330-300 விமானத்தின் வயிற்றில் இப்படி 32 பெட்டிகள் அடங்கும்.

முன்பெல்லாம் பயணிகளின் பெட்டிகளை ஆட்களே ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கினார்கள். சிறிய விமானங்கள் பலவற்றில் இன்றும் அப்படித்தான். 1970 ஜனவரியில் போயிங் 747 சேவைக்கு வந்தபோது அந்த முறை போதவில்லை. முந்நூற்றுக்கு மேற்பட்டோரின் பொதிகளைக் கையால் ஏற்றி முடிப்பதற்குள் அடுத்த விமானத்தின் நேரமே வந்துவிடும். பொதிகளை முன்கூட்டியே கட்டடத்துக்குள் பெட்டியில் அடுக்கி, விமானம் வந்ததும் பெட்டியோடு உருட்டி ஏற்றிவிடலாம் என்பதே அதற்குக் கிடைத்த விடை.

பெட்டிக்குள் அடங்காத சரக்குக்குப் பெலட் உண்டு. கடையில் மா மூட்டை அடுக்கும் மரப் பெலட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடு. பெரிய வகையொன்று 318 சென்ரிமீற்றர் நீளமும் 244 சென்ரிமீற்றர் அகலமும் உடையது; தன் எடையும் சேர்த்து 6,804 கிலோகிராம் வரை அதில் ஏற்றலாம். சரக்கை அடுக்கி, மழைக்குப் பிளாஸ்ரிக் தாளால் போர்த்தி, மேலே வலையை விரிப்பார்கள். வலையின் கொளுவிகள் தகட்டின் ஓரத்திலுள்ள பள்ளத்தில் மாட்டப்படும். தகடு மெல்லியது என்பதால் சுமையோடு கவட்டு வண்டியால் தூக்கினால் வளைந்துவிடும். எனவே கட்டும் இடத்திலிருந்து விமானம் வரை அது உருளைகளின் மீதே செல்கிறது. விமானத்தின் தரையிலும் உருளைகள்தான். கதவருகே எத்திசையிலும் திரும்பும் உலோகக் குண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தை இரண்டொருவர் கையாலேயே தள்ளிவிடுவது இதனால்தான்.

நம் நாட்டிலிருந்து பனிக்கட்டியிட்ட சூரை மீன் விமானத்தில் செல்கிறது. உருகும் நீரும் மீன் நீரும் கசிந்து விமானத்தின் தரையைச் சேர்ந்தால் உலோகம் அரிக்கும். அதற்காக ரெஜிபோம் பெட்டிகளுக்கு அடியிலும் நீர் ஊறாத விரிப்புப் போடுவார்கள். மீன் வாங்கி வந்த பையைக் காரின் பின்புறம் வைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

எளிதாக உருள்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தள்ளினால் ஓடும் பாரம், விமானம் மூக்கை உயர்த்தும்போது தானாகவே பின்னால் ஓடப் பார்க்கும். அதைத் தடுப்பவை தரையிலுள்ள பூட்டுகள். ஒவ்வொரு பெலட்டின் ஓரத்தையும் அவை பற்றிப் பிடிக்கின்றன. பூட்டுவது மட்டும் போதாது, எந்தப் பாரம் எந்த இடத்தில் என்பதும் முக்கியம். சீசோப் பலகையில் ஆடியவர்களுக்குத் தெரியும்: ஒருவர் சற்றுப் பின்னால் நகர்ந்து அமர்ந்தாலே மறுமுனை எழும்பிவிடும். விமானத்தின் புவியீர்ப்பு மையமும் அத்தகையது. அதைக் கணக்கிட்டே விமானிகள் வாற்சிறகின் கோணத்தை அமைக்கிறார்கள்.

1997 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மியாமி நகரிலிருந்து டீசி-8 சரக்கு விமானமொன்று டொமினிக்கன் குடியரசுக்குப் புறப்பட்டது. ஃபைன் எயார் 101 என்பது அதன் பயண இலக்கம். ஏற்றியிருந்தது டெனிம் துணி, அதாவது ஜீன்ஸ் தைக்கும் துணி. முதலில் வேறொரு விமானத்துக்கென்றே அந்தச் சரக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. விமானம் மாறியபோது பாரம் பரவிய விதமும் மாறியது. விமானிகளின் கையிலிருந்த கணக்கு அதற்குப் பொருந்தவில்லை. எழும்பிய கணத்திலேயே மூக்கு அளவுக்கு மீறி மேலே சென்றது. இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தன. விமானம் ஓடுபாதைக்கு அப்பால் விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும் தரையில் காரில் இருந்த ஒருவரும் இறந்தனர். இடிபாடுகளில் கிடைத்த பெலட் பூட்டுகளில் பெரும்பாலானவை திறந்தே கிடந்தன. பாரம் ஏற்றியவர்களுக்கு அதன் விளைவைக் கற்பித்திருக்க வேண்டும் என்று விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து எழும்பிய போயிங் 747 சரக்கு விமானத்தில் கவச வாகனங்கள் ஐந்து இருந்தன. பட்டிகளால் கட்டியிருந்தும், கட்டிய விதம் போதவில்லை. பின்னால் நகர்ந்த வாகனம் வாற்பகுதியின் கட்டுப்பாட்டையே உடைத்தது. ஏழு பேரும் மாண்டனர்.

இக்காரணங்களால் இந்தப் பெட்டியும் பெலட்டும் வலையும் வெறும் சாமான்களாகக் கருதப்படுவதில்லை. விமானத்தின் கழற்றக்கூடிய உறுப்புகளாகவே விதிகள் அவற்றைக் கொள்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று எழுத்தும் ஓர் இலக்கமும் உரிய நிறுவனத்தின் குறியும் எழுதப்பட்டிருக்கும். எல்.டி.3 பெட்டியில் பெரும்பாலும் ஏ.கே.ஈ. என்று தொடங்கும், இறுதியில் யூ.எல். என்றிருந்தால் அது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்கு உரியது. எவ்வளவு கிழிசல், எவ்வளவு வளைவு வரை பொறுக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. அதைத் தாண்டிய வலையை, சரக்கு எவ்வளவு அவசரமானதாக இருந்தாலும், திருத்தும் இடத்துக்கே அனுப்ப வேண்டும்.