கேள்வி மாறினால் ஏழை குறைவாரா?

ஆண்டு முடிவில் சரக்கு இருப்பு எடுக்கும்போது மூட்டை மூட்டையாக எண்ணித்தான் பேரேட்டில் ஏற்றுகிறோம். நாட்டில் ஏழைகள் எத்தனை பேர் என்ற கணக்கு அப்படி எடுக்கப்படுவதில்லை. சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சொல்வதை வைத்து எல்லோருக்குமாக மதிப்பிடுகிறார்கள்.

இப்பணியைச் செய்வது 1950-இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு. கூலிக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் நிலையான வருமானம் இல்லை. ஆகவே வருமானத்தை விட்டுச் செலவைக் கேட்கிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதே கேள்வி. நம் கடைகளில் நடக்கும் வியாபாரந்தான் அங்கே புள்ளிவிவரமாகிறது.

இங்கேதான் சிக்கல். முன்பு உணவுச் செலவை 30 நாள் கணக்காகக் கேட்டு வந்தார்கள். 1994 முதல் 1998 வரை சோதனையாகச் சில வீடுகளில் 7 நாள் கணக்காகக் கேட்டார்கள். சொல்லப்பட்ட செலவு கூடியது. அந்தக் கணக்குப்படி ஏழைகளின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, சுமார் 17.5 கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டதாக ஆயிற்று. ஒருவர் வீட்டிலும் ஒரு படி அரிசி கூடவில்லை!

1999-2000 ஆய்வில் இரண்டு கேள்வியையும் ஒருசேரக் கேட்டார்கள். 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமானது. படியை மாற்றிவிட்டு அளந்தால் பழைய அளவோடு எப்படி ஒப்பிடுவது என்று பொருளாதார அறிஞர்கள் கேட்டனர். பின்னர் 2015-இல் நோபல் பரிசு பெற்ற அங்கஸ் டீட்டன், கேள்வி மாறாத பொருள்களின் செலவை மட்டும் துணைகொண்டு கணக்கைத் திருத்திப் பார்த்தார். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை என்பது அவர் முடிவு. 2022-23 ஆய்விலும் கேட்கும் முறை மாறியிருக்கிறது. பழைய எண்ணோடு நேராக ஒப்பிட இயலாது.

இது ஏட்டோடு நிற்கும் விவகாரமல்ல. 1997-இல் மத்திய அரசு ரேஷனில் ஏழைகளைத் தனியே பிரித்தபோது, யார் ஏழை என்ற பட்டியல் தேவைப்பட்டது. பட்டியலில் விடுபட்டவருக்கு மலிவு அரிசி இல்லை. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் அட்டைதாரர் அனைவருக்கும் வழங்கி வந்தது. வசதியானவர் சிலரும் வாங்கினார்கள் என்பது அதன் செலவு. ஏழை விடுபடவில்லை என்பது அதன் வரவு.

கணக்கு முழுமையாக இல்லாதபோது தவறு நேரத்தான் செய்யும். அது எந்தப் பக்கம் நேரலாம் என்பதையே முடிவு செய்ய வேண்டும். தராசு தடுமாறும்போது வாங்குபவர் பக்கம் சற்றுத் தாழ விடுவது நம் தொழில் தர்மம். ஏழையை எண்ணும் தராசுக்கும் அதுவே பொருந்தும்.