தவக்காலமும் சரணாகதியும்

சப்பிரகமுவ மாகாணத்து ருவான்வெல்லைப் பகுதித் தோட்டங்களிற் சைவரும் கத்தோலிக்கரும் அயலவராய் வாழ்கின்றனர். அயலார் நோற்கும் நோன்பின் உட்பொருளை அறிதல் நம் கடனாம்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியிற் சாம்பல் அணிந்து கத்தோலிக்கர் தவக்காலத்தைத் தொடங்குவர். ஞாயிறுகள் நீங்கலாக, உயிர்ப்புப் பெருவிழாவரை அது 40 நாளாகும். செபம், உண்ணாநோன்பு, ஈகை என்பன அதன் அங்கங்கள். எனினும், உணவை விடுத்தோன் தன் விருப்பை விடுத்திலனேல், அந்நோன்பு வெறும் பட்டினியேயாம். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு, தமக்கு வரும் துன்பம் நீங்குமாறு முதலில் வேண்டினார். பின்னர்த் தந்தையின் விருப்பத்துக்கே தம்மை ஒப்புவித்தார். ஆகவே சரணாகதி என்பது வேதனையை உணராமை அன்று, உணர்ந்தும் ஒப்புவித்தலாம்.

ஒப்புவித்தோன் செயலற்றிருப்பானோ எனின், இரான் என்பதற்கு யோசேப்பு வாஸ் அடிகளே சான்று. திருவெண்ணெய்நல்லூரிற் சுந்தரரை ஆளோலை காட்டி இறைவன் ஆட்கொண்டான் என்பர் நம்மவர். கோவாவிற் பிறந்த வாஸ் அடிகளோ, 1677 இல் தம்மை மரியன்னைக்கு அடிமையாக்கித் தாமே ஓலை எழுதிக்கொடுத்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய நாளில், 1687 இல், மாறுவேடத்தில் இலங்கை வந்தார். 1692 இல் கண்டியில் ஒற்றரென ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். 1697 இல் அந்நகரிற் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைப் பேணினார்.

தன்னையே இறைவனுக்குக் கொடுத்தோனுக்கு இழத்தற்கு ஒன்றில்லை. ஆதலின் அச்சமும் இல்லை. அவ்வச்சமின்மையோடு பிறர்க்கு உழைத்தலே தவக்காலத்தின் பயன். நம்மவர் போற்றும் அடிமைத்திறமும் அதுவேயாம்.