புதுக் கணனிக்கு வந்த நோய்

உறுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கி, வீட்டு மேசையின்மீதே கணனியொன்றைப் பொருத்தி முடிப்பது இன்றைய மாணவர் பலருக்குப் பெருமகிழ்ச்சி தரும் முயற்சியாகும். ஆளியை அழுத்தியதும் விசிறி சுழன்று திரையில் ஒளி தோன்றுமாயின், வேலை முடிந்ததென்றே எண்ணத் தோன்றும். உண்மையான சோதனையோ அதன் பின்னரே வருகின்றது. பணிசெயல் முறைமையை நிறுவும்போது கணனி பாதி வழியில் நின்றுவிடுமாயின், பழுது எங்கேயென்று காண்பது எங்ஙனம்? எமது இல்லத்தில் நிகழ்ந்ததொன்றை இங்கு கூறுவோம்; நேயர்களுக்கு அது பயன்படக்கூடும்.

எம் தமையனாரின் மகன் பல்கலைக்கழகம் புகவிருந்த காலம் அது. அவன் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்திலே உறுப்புகள் வாங்கப்பட்டன. பையன் இரண்டு நாள் முயன்று யாவற்றையும் பொருத்தினான். விண்டோஸை நிறுவத் தொடங்கியபோது, முதன்முறை நூற்றுக்கு 18 என்ற அளவில் நின்றது. அடுத்த முறை 62 இல் நீலத்திரை தோன்றியது. மூன்றாம் முறை கோப்பொன்று பழுதென அறிவித்தது. லினக்ஸை நிறுவிப் பார்த்தான். அதுவும் இடைவழியில் உறைந்தது. "சித்தப்பா, நான்தான் எதையோ பழுதாக்கிவிட்டேன். அம்மாவின் சீட்டுக் காசு வீணாய்ப் போயிற்று" என்று சொல்லி, அன்றிரவு அவன் உணவும் கொள்ளவில்லை.

நிறுவுதல் நிகழும் வகையை அறிந்தால் இத்தகைய பழுதின் இயல்பு விளங்கும். பென் டிரைவில் உள்ள கோப்புகள் சுருக்கப்பட்டவை. கணனி அவற்றைச் சிறிது சிறிதாக 'ராம்' எனப்படும் நினைவகத்துக்குள் கொணர்ந்து, விரித்து, பின்னரே வன்தட்டில் எழுதுகின்றது. 8 கிகாபைற் நினைவகத்தில் 6,800 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் உள. அவற்றுள் ஒன்று, 1 என்பதை 0 எனத் திரித்துக் கூறினும் கோப்பு கெடக்கூடும். திரையோ கோப்பின்மீதே பழி கூறும். குற்றமற்றவன் தண்டிக்கப்படுவது கணனியுலகிலும் உண்டு!

ஆகவே முதலில் நோக்கவேண்டியது, கணனி எவ்விடத்தில் நிற்கின்றது என்பதேயாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்குமாயின், பென் டிரைவையோ அதிலுள்ள கோப்பையோ ஐயுறலாம். எமது பையனுக்கு நேர்ந்ததுபோல் வெவ்வேறிடங்களில் நிற்குமாயின், நினைவகம், வெப்பம், மின்வழங்கி ஆகியவற்றின்மீது ஐயம் செல்லவேண்டும்.

அடுத்த விதி, ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல். பலவற்றை ஒருங்கே மாற்றினால், கணனி குணமடைந்தாலும் காரணம் புலப்படாது.

நாம் பின்பற்றிய ஒழுங்கு இதுவாகும். இறக்கிய கோப்பின் 'எஸ்.எச்.ஏ. 256' அடையாளத்தை, வெளியிட்டோர் தந்த அடையாளத்துடன் ஒப்பிட்டோம்; 64 எழுத்துகளும் பொருந்தின. பயோஸ் திரையில் வெப்பநிலையைப் பார்த்தோம், மிகையில்லை. அடுத்து, நினைவகத்தை விரைவாக இயக்கும் 'எக்ஸ்.எம்.பி.' என்னும் அமைப்பை நிறுத்தினோம். பட்டையின்மேல் அச்சிட்ட வேகம் பல வேளைகளில் இவ்வமைப்பினாலேயே கிட்டுவது. அவ்வேகத்தை எல்லாக் கணனிகளும் தாங்குவதில்லை. அதனை நிறுத்தியும் பழுது தீரவில்லை.

பின்னர் மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கியபின், இரு நினைவகப் பட்டைகளுள் ஒன்றை நீக்கினோம். கணனி தடையின்றி விண்டோஸை நிறுவி முடித்தது! அப்பட்டையை எடுத்துவிட்டு, மற்றையதை அதே துளையில் இட்டு மீண்டும் நிறுவ முயன்றோம். கணனி முன்போலவே நின்றது. ஆகவே பழுது துளையில் அன்று, பட்டையிலேயே என்பது தெளிவாயிற்று. இரு பட்டைகளும் தனித்தனியே தவறியிருப்பின், மின்வழங்கியையும் தாய்ப்பலகையையும் ஆராய நேர்ந்திருக்கும்.

ஐயம் முற்றும் நீங்க, கிறிஸ் பிரேடி என்பார் 1994 இல் வெளியிட்ட 'மெம்டெஸ்ட் 86' என்னும் சோதனை நிரலை ஓடவிட்டோம். பணிசெயல் முறைமை இல்லாமலே பென் டிரைவிலிருந்து இயங்கும் இந்நிரல், நினைவகத்தில் எழுதியும் வாசித்தும் பிழை தேடுகின்றது. பிழையில்லையென உறுதிகொள்ள இராமுழுதும் ஓடவிடுதல் நன்று. பிழையுண்டென அறியவோ ஒரு பிழையே போதும். அரைமணி கழியுமுன் திரையில் செந்நிற வரிகள் நிரம்பின.

உத்தரவாதக் காலம் இருந்தமையால், பட்டையை விற்ற கடையினர் வேறொன்று தந்தனர். பையன் கைப்பட்ட பிழை எதுவும் இருந்ததில்லை. இரண்டு நாளாக அவன் தன்னையே நொந்துகொண்டது வீண்.

அன்று மாலை தாயார் மேசையருகே வந்து, "இனி இது இடையில் நின்றுபோகாதா, தம்பி?" என்று கேட்டார்.

"நிற்காதென்று சொல்லமாட்டேன், அம்மா, நின்றால் ஏனென்று தேடிப் பார்க்க இனி எனக்குத் தெரியும்" என்றான் அவன்.