பாலில் தண்ணீர்: காட்டிக் கொடுப்பது எது?

வாசலில் பால்காரர் குரல் கேட்கிறது. வீட்டு அம்மாள் பாத்திரத்தை நீட்டுகிறார். அளவு சரியாக இருக்கிறது. நுரையும் பொங்குகிறது. ஆனால் காப்பி போட்டால் ருசி இல்லை!

அளவு சரி, பால் சரியில்லை. இதைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு வித குணங்கள்

ஒரு பொருளின் குணங்களை விஞ்ஞானிகள் இரண்டு விதமாகப் பிரிக்கிறார்கள். எடை, கொள்ளளவு போன்றவை ஒரு விதம். பொருள் கூடினால் இவையும் கூடும். பாலைப் பாதியாக்கினால் எடையும் பாதியாகும்.

மற்றொரு வித குணங்களோ அளவைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. அண்டா நிறையத் தண்ணீர் வைத்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாலும், அது கொதிக்கும் சூடு ஒன்றுதான். (அண்டாவுக்கு விறகு அதிகம் செலவாகும். அது வேறு கணக்கு!)

அடர்த்தியும் இப்படிப்பட்ட குணமே. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை சுமார் 1,000 கிராம். ஒரு லிட்டர் நல்ல பாலின் எடை சுமார் 1,030 கிராம். அரை லிட்டர் பால் எடுத்தால் 515 கிராம். எடையும் பாதி, அளவும் பாதி. ஆகவே வகுத்துப் பார்த்தால் அதே கணக்குதான் வரும். கத்தரிக்காயைக் கால் கிலோ வாங்கினாலும் ஒரு கிலோ வாங்கினாலும், கிலோ விலை ஒன்றாகவே இருப்பது போல!

எனவே, அண்டாப் பாலைச் சோதிக்க அண்டா முழுவதையும் நிறுக்க வேண்டியதில்லை. நன்றாகக் கலக்கி ஒரு குவளை எடுத்தால் போதும்.

மிதக்கும் கண்ணாடிக் குழல்

இதற்கு உதவுவதுதான் பால்மானி. லாக்டோமீட்டர் என்றும் சொல்வார்கள். அடிப்பக்கம் கனமான கண்ணாடிக் குழல் அது. மேலே மெல்லிய தண்டில் எண்கள் இருக்கும். கெட்டியான பாலில் அது உயர்ந்து மிதக்கும். தண்ணீர் கலந்த பாலில் அமிழ்ந்து போகும்.

30 என்று காட்டும் பால் மூன்று பங்கு. அதில் ஒரு பங்கு தண்ணீரைச் சேர்த்தால், எண் சுமார் 22-க்கு இறங்கிவிடும்.

பால் சூடாக இருந்தால் விரிந்துவிடும். எண் குறைவாகக் காட்டும். கறந்த சூட்டோடு சோதித்து, நல்ல பால்காரர் மீது பழி போடக் கூடாது.

ஏமாற்றும் வித்தை

பால்மானியையும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு! பாலின் கொழுப்பு, தண்ணீரை விட இலேசானது. அதனால்தான் ஆடை மேலே மிதக்கிறது. கொழுப்பை எடுத்துவிட்டால் மீதிப் பால் கனத்து, எண் சுமார் 35-க்கு ஏறும். பிறகு ஆறு பங்கு பாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால், பழையபடி 30! வெண்ணெயும் லாபம், தண்ணீரும் லாபம்.

ஆகவேதான் பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்பையும் தனியாகச் சோதித்து விலை போடுகிறார்கள்.

அளவைப் பொறுத்து மாறாத இன்னொரு குணமும் ஆய்வுக்கூடத்தில் உதவுகிறது. தண்ணீர் 0 டிகிரியில் உறைகிறது. பால் அதற்கும் சுமார் அரை டிகிரி கீழேதான் உறையும். கொழுப்பை எடுத்தாலும் இது மாறுவதில்லை. தண்ணீர் சேர்ந்தால் மட்டும் 0-வை நோக்கி நகரும். இதை மறைக்கச் சர்க்கரையோ உப்போ போடுகிறவர்களைப் பிடிக்க, தனி ரசாயனச் சோதனைகள் இருக்கின்றன.