யாரும் பெரும்பான்மை இல்லாத குவீன்ஸ்

நியூயார்க் மாநகரின் ஐந்து பெருவட்டாரங்களில் ஒன்று குவீன்ஸ். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 24,05,464 பேர். லத்தீன் அமெரிக்க வழியினர் சுமார் 28 சதவீதம், ஆசியர் 27, வெள்ளையர் 23, கறுப்பினத்தவர் 16. எந்தப் பிரிவும் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

எப்படி உருவானது இந்தக் கலவை?

முதல் காரணம் சட்டம். 1924 சட்டம் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு நாடுவாரி ஒதுக்கீடு விதித்தது. அதில் வடமேற்கு ஐரோப்பியருக்கே பெரும்பங்கு. 1965 சட்டம் அந்த ஒதுக்கீட்டை ஒழித்து, குடும்ப உறவுக்கும் தொழில்திறனுக்கும் முன்னுரிமை தந்தது. முதலில் வந்தவர் வேலை தேடிக்கொண்டார்; பிறகு உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டார்.

இரண்டாவது, ரயில். ஏழாம் எண் ரயில் மன்ஹாட்டனையும் ஃப்ளஷிங்கையும் இணைக்கிறது. வேலைக்கு மன்ஹாட்டன், குடியிருக்க அதைவிட வாடகை குறைந்த குவீன்ஸ் என்று குடும்பங்கள் தங்கின. இந்தத் தடத்தில் ஜாக்சன் ஹைட்ஸில் இறங்கினால் புடவைக் கடை, நகைக் கடை, திபெத்திய மோமோ. சற்றுத் தள்ளி கொலம்பியா, ஈக்வடார் உணவகங்கள். கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங்கில் சீன, கொரியப் பெயர்ப் பலகைகள்.

ஃப்ளஷிங்கின் பௌன் தெருவில் இந்தக் கதை இன்னும் பின்னோக்கிப் போகிறது. 1662இல் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் தன் வீட்டில் வழிபட அனுமதித்ததற்காக ஜான் பௌன் கைதானார். மறு ஆண்டே, மனச்சாட்சியின் பேரில் யாரையும் வருத்தக் கூடாது என்று அப்போது அந்தப் பகுதியை ஆண்ட டச்சு நிறுவனம் தன் ஆளுநருக்கு எழுதியது. அந்த வீடு இன்றும் நிற்கிறது. அதே தெருவில்தான் 1977இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயிலும் இருக்கிறது. கோயில் கேன்டீனில் தோசை வாங்கப் பல இனத்தவரும் வருகிறார்கள்.

பன்மை நிலைக்க என்ன வேண்டும்?

ஆட்சி மக்களின் மொழியில் பேச வேண்டும். குவீன்ஸில் சீனம், கொரியம், ஸ்பானியம், வங்கம் ஆகிய மொழிகளிலும் வாக்குச்சீட்டு கிடைக்கிறது. அடுத்தது, கட்டுப்படியாகும் வீடு. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் குவீன்ஸின் நிலத்தடிக் குடியிருப்புகளில் பலர் மூழ்கி இறந்தார்கள். வாடகை ஏறும்போது புதிதாக வந்தவர்களுக்கு மிஞ்சுவது அத்தகைய அறைகள்தான்.

சட்டம் கதவைத் திறந்தது. மலிவான வாடகை காலூன்ற இடம் கொடுத்தது. குவீன்ஸின் பன்மையைப் போற்றும் நகரம், வரவேற்புரையோடு நிற்காமல் பாதுகாப்பான வீடுகளையும் கட்டித்தர வேண்டும்.