எருக்கும் அரளியும் ஒரே குடும்பம்

காட்பாடி ரயில் பாதையோரம் எருக்கஞ்செடியைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையாருக்கு மாலையாகும் அந்தப் பூவில் மகரந்தம் தூளாக உதிராது. இரண்டிரண்டு மெழுகுப் பொதிகளாக ஒரு சிறு கவ்வியில் தொங்கும். தேன் தேடி வரும் கருவண்டின் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். கெட்டிக்காரப் பூதான்!

இந்த மகரந்த அமைப்பை வைத்தே 1810-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், எருக்கு வகையை அரளிக் குடும்பத்திலிருந்து பிரித்தார். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1834-இல் அந்த வகையில் நம் நாட்டு இனங்களை விவரித்தார். நாம் ஊறுகாய் போடும் மாகாளிக்கிழங்கும் அதில் உண்டு. பின்னர் மரபணு ஆய்வு வந்தது. பிரித்தவை மறுபடி சேர்ந்தன. இன்று எருக்கு, நன்னாரி, சிறுகுறிஞ்சான், அரளி எல்லாம் ஒரே குடும்பம்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பூப்பறிக்கும்போது கவனம்!