பாசி விற்ற காசும் வன்முறைக் கணக்கில் சேரும்

பாம்பன் சின்னப்பாலம் தொடங்கி மண்டபம், ஏர்வாடி வரை பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள். மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். துணியையும் மீறிப் பாறை விரலைக் கிழிக்கும். அப்படி வந்த காசைக் கணவன் பிடுங்கிக்கொண்டால், "புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம தலையிடக் கூடாது" என்று அக்கம்பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது.

சட்டம் ஒதுங்கவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி உதை மட்டுமல்ல, பாலியல் கொடுமையும் பிள்ளையில்லை, ஆண் வாரிசில்லை என்று குத்திக்காட்டுவதும் அதில் வன்முறைதான். செலவுக்குக் கொடுக்காமல் வதைப்பதும், அவள் நகையை விற்றுத் தின்பதும் அப்படியே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசில்லாதபோது நகை அடகுக்குப் போகும். அவளே மனமொப்பிக் கழற்றிக் கொடுத்தால் அது குடும்பப்பாடு. மிரட்டிக் கழற்றினால் வன்முறை. கஷ்டத்தில் கை நீட்டிவிட்டான் என்று சமாதானம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அதே தடைக்காலத்தை, அதே கடனோடு, மனைவியைத் தொடாமல் கடக்கிற வீடுகள் இதே தெருக்களில் இருக்கின்றன.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அது உடல், பாலியல் வன்முறைக் கணக்கு மட்டுமே. பறிபோன கூலி அதில் இல்லை.

"புகார் கொடுத்தா அவரை உள்ளே தள்ளிருவாங்க, அப்புறம் கடலுக்கு யார் போறது?" இந்தப் பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின்படி மனு போட்டதுமே யாரும் சிறைக்குப் போவதில்லை. அடிக்காதே, வீட்டைவிட்டு வெளியேற்றாதே, நகையைத் திருப்பிக் கொடு, செலவுக்குப் பணம் கொடு என்று குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு கணவன் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும், அவள் அங்கே குடித்தனம் நடத்தியிருந்தால் குடியிருக்கும் உரிமை கேட்கலாம். மனைவி மட்டுமல்ல, கூட வாழும் தாயும் அக்கா தங்கையும் கேட்கலாம்.

மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். பாதிக்கப்பட்டவளே வர வேண்டும் என்பதில்லை. சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது என்று சட்டமே உறுதி தருகிறது.